மலைநாட்டு மந்தோவா வெனிஸ் போன வழி

கேள்வி இதுதான்: "ஆப்பிரிக்காவின் ஏதோ ஒரு சின்ன நாட்டில், பெரிய நடிகர் இல்லாமல், பெரிய கம்பெனி இல்லாமல், உள்ளூர் மொழியில் எடுத்த படம் எப்படி வெனிஸ், சண்டான்ஸ் மாதிரி விழாக்களுக்குப் போய்ச் சேர்கிறது? நல்ல படமாக எடுத்து அனுப்பினால் போதுமா? ஆங்கிலத்தில் எடுத்தால் இன்னும் சுலபமாக இருக்குமா?"

'எடுத்து அனுப்பினால்' என்பதிலிருந்தே தொடங்குகிறேன். நம்மில் பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறோம். படத்தை முடிக்கிறோம், விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்கிறோம், கட்டணம் கட்டுகிறோம், காத்திருக்கிறோம். அமெரிக்காவின் யூட்டாவில் நடந்த 2020 சண்டான்ஸ் விழாவுக்கு உலகம் முழுவதிலிருந்தும் வந்த முழுநீளப் படங்கள் 3,800-க்கும் மேல். முதலில் அறிவித்த பட்டியலில் இருந்தவை 118. அந்த 118-இல் லெசோத்தோ என்ற மலைநாட்டிலிருந்து வந்த படமும் ஒன்று. 'திஸ் இஸ் நாட் எ பரியல், இட்ஸ் எ ரிசரக்ஷன்' என்பது அதன் பெயர். இது அடக்கம் அல்ல, உயிர்த்தெழுதல் என்று பொருள். உலக சினிமாப் பிரிவில் 'தொலைநோக்கான படைப்பு' என்று சொல்லி நடுவர்கள் அதற்குச் சிறப்பு விருது கொடுத்தார்கள். ஆனால் சண்டான்ஸ் அலுவலகத்துக்குப் போவதற்குள் அந்தப் படம் பாதி உலகத்தைக் கடந்திருந்தது. படமாக ஆவதற்கு முன்பே, வெறும் காகிதமாக இருக்கும்போதே அது பயணப்பட்டுவிட்டது. இந்த ஒரு படத்தை வைத்தே உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். பத்துப் படங்களின் பெயரை அடுக்குவதைவிட ஒரு படம் போன வழியைக் கூடவே நடந்து பார்த்தால் நிறைய புரியும்.

படத்தைப் பார்த்திராதவர்களுக்காக முதலில் கதை. மந்தோவாவுக்கு 80 வயது. கணவர் இல்லை, பிள்ளைகளில் மிச்சம் ஒரே மகன். அவன் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் வேலை செய்கிறான். கிறிஸ்துமஸுக்கு வருவான் என்று காத்திருக்கிறாள். வருவது சுரங்க விபத்தில் அவன் இறந்துவிட்டான் என்ற செய்தி. இனி யாருக்காக இருக்க வேண்டும்? தன் சாவுக்கான ஏற்பாடுகளை அவளே செய்யத் தொடங்குகிறாள். இரவில் வானொலியில் மரண அறிவிப்புகளைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நல்ல உடையை எடுத்து உடுத்திக்கொண்டு படுத்துப் பார்க்கிறாள். சாவு வரவில்லை. அதற்குள் அரசாங்கத்திடமிருந்து சேதி வருகிறது: அணை கட்டப்போகிறார்கள், ஊர் தண்ணீருக்குள் போகும், எல்லோரும் நகரத்துக்குக் குடிபெயர வேண்டும். வீட்டை, ஆட்டை, பயிரை எடுத்துக்கொண்டு போகலாம். இடுகாட்டில் படுத்திருப்பவர்களை என்ன செய்வது? தன் கணவர், பிள்ளைகள், மூத்தோர் எல்லோரும் கிடக்கும் மண்ணில்தான் தானும் புதைய வேண்டும் என்று இருந்தவள் அவள். சாகக் காத்திருந்த கிழவி அந்த இடத்தில் எழுந்து நிற்கிறாள். கதை அவ்வளவுதான்.

எழுதி இயக்கியவர் லெமோஹாங் ஜெரமையா மொசேசே. லெசோத்தோவில் ஹ்லோட்சே என்ற ஊரில் பிறந்தவர், பெர்லினில் வாழ்பவர். திரைப்படக் கல்லூரிக்குப் போகாமல் தானே கற்றுக்கொண்டவர். சிறுவயதில் தன் குடும்பம் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படத்தில் ஊரே சேர்ந்து கிளம்பும் காட்சியைப் பார்க்கும்போது, அதை எடுத்தவர் வெளியிலிருந்து வேடிக்கை பார்த்தவர் அல்ல என்பது தெரிந்துவிடும்.

லெசோத்தோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், அந்த நாடு தெரியாமல் இந்தப் படம் தெரியாது. நாலாபக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த, கடல் இல்லாத நாடு. நாட்டின் மிகத் தாழ்வான இடமே கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உலகத்தில் முழு நிலப்பரப்பும் 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் நாடு அது ஒன்றுதான். மக்கள்தொகை இருபது லட்சத்தைத் தாண்டும். மக்கள் பசோத்தோ, மொழி செசோத்தோ. குளிருக்குப் போர்த்தும் கம்பளிதான் அவர்களுக்கு அடையாளம். கல்யாணம், சாவு, பதவியேற்பு எல்லாவற்றுக்கும் கம்பளி உண்டு. 1966-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை.

அந்த நாட்டுக்கு வெளியே விற்க இரண்டு பொருள்கள் இருந்தன: ஒன்று ஆண்களின் உழைப்பு, இன்னொன்று தண்ணீர். தலைமுறை தலைமுறையாக ஆண்கள் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குப் போனார்கள். 1980-களின் கடைசியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பசோத்தோ ஆண்கள் அந்தச் சுரங்கங்களில் இருந்தார்கள். தண்ணீருக்கு 1986-இல் ஒப்பந்தம் போட்டார்கள். லெசோத்தோ மேட்டுநிலத் தண்ணீர்த் திட்டம் என்று பெயர். மலை ஆறுகளை அணைகட்டித் தடுத்து, சுரங்கக் கால்வாய் வழியாக ஜொகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் பகுதிக்குத் தண்ணீர் அனுப்புவது. கட்சே அணை 185 மீட்டர் உயரம், மொஹாலே அணை 145 மீட்டர். 1998 முதல் தண்ணீர் போகிறது, லெசோத்தோ அரசுக்கு அதற்கு உரிமைத்தொகை வருகிறது. நீர்த்தேக்கங்களின் அடியில் இருந்த வயல்களும் மேய்ச்சல் நிலமும் வீடுகளும் இடுகாடுகளும் போயின. படத்தில் மந்தோவாவின் மகனைச் சுரங்கம் எடுத்துக்கொள்கிறது, ஊரை அணை எடுத்துக்கொள்கிறது. மொசேசே இதை ஒரு வரியிலும் விளக்கவில்லை, புள்ளிவிவரம் சொல்லவில்லை, அதிகாரிகளை வில்லனாக்கவில்லை. ஒரே ஒரு கிழவியின் வீட்டில் இரண்டையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அயல்நாட்டு நடுவருக்கு அந்த ஒப்பந்தம் பற்றி ஒன்றும் தெரியாது. புதைகுழி என்றால் என்னவென்று தெரியும்.

இப்போது வழிக்கு வருவோம். வெனிஸ் விழாவை நடத்தும் பியனாலே அமைப்பு 2012-இல் 'பியனாலே காலேஜ் சினிமா' என்று ஒன்றைத் தொடங்கியது. முதல் படமோ இரண்டாவது படமோ எடுக்கப்போகும் இயக்குநர் ஒரு தயாரிப்பாளரைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு பேருமாகக் கதையோடு விண்ணப்பிக்க வேண்டும். படம் இருக்கத் தேவையில்லை. பன்னிரண்டு அணிகளைத் தேர்ந்தெடுத்து வெனிஸுக்கு வரவழைத்துப் பட்டறை நடத்துவார்கள். திரைக்கதையைப் பிரித்துப் போட்டுக் கேள்வி கேட்பார்கள். இந்தப் பணத்தில் இதை எடுக்க முடியுமா, முடியாதென்றால் கதையில் எதை மாற்றுவாய் என்று துருவுவார்கள். அதிலிருந்து மூன்று நான்கு அணிகளைத் தேர்ந்து, ஒவ்வொரு படத்துக்கும் பணம் கொடுப்பார்கள். மொசேசேயின் சமயத்தில் அது 1,50,000 யூரோ. அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஒரு கோடிக்குச் சற்று மேல். ஒரே நிபந்தனை: அடுத்த ஆண்டு வெனிஸ் விழாவுக்குள் படம் தயாராகிவிட வேண்டும். அங்கேயே முதல் காட்சி.

இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பாருங்கள். மொசேசேயின் குழுவுக்குப் பணம் கிடைத்த அன்றே படத்துக்குத் திரை கிடைத்துவிட்டது. படம் முடிந்தபின் யார் கதவைத் தட்டுவது என்ற கவலை இல்லை. பார்க்கப்போகிறவர்கள் யார், எந்த மாதம், எந்த ஊரில் என்பதெல்லாம் முதல் ஷாட் வைப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது. நம் நாட்டிலிருந்தும் இதே வழியில் போன படம் உண்டு. சுபாஷிஷ் பூட்டியானி எடுத்த 'முக்தி பவன்' இதே திட்டத்தில் உருவாகி 2016-இல் வெனிஸில் திரையிடப்பட்டது. காசிக்குப் போய்ச் சாகவேண்டும் என்று கிளம்பும் ஒரு அப்பாவின் கதை. அதுவும் சாவுக்குக் காத்திருக்கும் கதைதான் என்பது தற்செயல். ஆனால் சின்னச் செலவில் எடுக்கும் படத்துக்கு எந்த மாதிரிக் கதை பொருந்தும் என்பதையும் அது காட்டுகிறது: ஓரிடம், சில மனிதர்கள், தப்ப முடியாத ஒரு கேள்வி.

தயாரிப்பாளரைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நம்மூரில் இயக்குநராக ஆசைப்படும் பிள்ளைகள் எல்லோரும் 'கதை ரெடி சார்' என்பார்கள். 'உங்களோடு சேர்ந்து விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் தயாரிப்பாளர் யார்?' என்று கேட்டால் விழிப்பார்கள். மொசேசேக்குத் தென்னாப்பிரிக்காவின் உருக்கு மீடியாவைச் சேர்ந்த கெய்ட் பான்செக்ரவ், எலியாஸ் ரிபெய்ரோ இருவரும் கிடைத்தார்கள். சுயாதீனப் படத்தில் தயாரிப்பாளர் என்பவர் பணம் போடுகிறவர் அல்ல. எந்த மானியத்துக்கு எந்த மாதம் கடைசித் தேதி, எந்த விழாவில் படங்களைத் தேர்ந்தெடுக்கும் நிரலாளர் எதைத் தேடுகிறார், எந்தக் காகிதம் எந்த மொழியில் போக வேண்டும் என்பதெல்லாம் அறிந்தவர். இயக்குநர் மலையில் கேமராவோடு நிற்கும்போது இன்னொருவர் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் மலையிலிருந்து படம் இறங்கும்.

இயக்குநரும் முற்றிலும் அறியப்படாதவர் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே 2019-இல், வெனிஸுக்குச் சில மாதங்கள் முன்பு, பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவில் அவருடைய 'மதர், ஐ ஆம் சஃபகேட்டிங். திஸ் இஸ் மை லாஸ்ட் ஃபிலிம் அபௌட் யூ' என்ற கறுப்பு வெள்ளைப் படம் திரையிடப்பட்டிருந்தது. தாய்நாட்டைத் தாயாக வைத்து எழுதிய ஒரு புலம்பல் கடிதம் போன்ற படம். அதைப் பார்த்திருந்த நிரலாளர்களுக்கு மொசேசே என்ற பெயர் புதிதில்லை. விழா உலகில் ஒரு கதவு இன்னொரு கதவைத் திறக்கும். முதல் கதவுதான் கனம்.

ஒரு கோடிச் சொச்சத்தில் எடுத்த படம் எப்படி அவ்வளவு பெரியதாகத் தெரிகிறது என்று பலர் கேட்பார்கள். ஒளிப்பதிவாளர் பியர் டி வில்லியர்ஸ் தென்னாப்பிரிக்கர். படம் அகலத் திரையில் இல்லை. பழைய 4:3 சட்டகம், கிட்டத்தட்டச் சதுரம். அவ்வளவு பரந்த மலையை எடுக்கப்போகிறவர் யாரும் அகலச் சட்டகத்தைத்தான் முதலில் நினைப்பார். இவர்கள் குறுக்கினார்கள். குறுக்கியதும் மலை பக்கவாட்டில் விரியாமல் மந்தோவாவின் முதுகுக்குப் பின்னால் மேலெழுந்து நிற்கிறது. அவள் முகத்தின் சுருக்கத்துக்கும் மலைச்சரிவின் மடிப்புக்கும் ஒரே கோடுகள். உள்ளே, குடிசைக்குள், நிறம் சுவரிலிருந்து வருகிறது. நீலம், மண், கரி.

ஒரு காட்சியை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். மந்தோவாவின் வீடு எரிந்துவிடுகிறது. காலையில் கூரை இல்லை, சுவர் கரியாகி நிற்கிறது. அந்தச் சுவர்களுக்கு நடுவே எரிந்த கட்டிலில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஆடுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து அவளைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு வசனமும் இல்லை. கேமரா கிட்டே போகவும் இல்லை. சாம்பல் நிறச் சுவர், சாம்பலோடு சாம்பலாக ஆட்டு ரோமம், நடுவில் அந்த முகம். ஊர்க்காரர்கள் வந்து ஆறுதல் சொல்வதற்கு முன்பே ஆடுகள் வந்துவிட்டன என்று எனக்குத் தோன்றியது. இதை எடுக்கப் பெரிய பணம் வேண்டியதில்லை. எரிந்த வீடும் ஆடுகளும் கிழவியும் ஒரு சட்டகத்தில் எப்படி நிற்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் வேண்டும், அந்த மௌனத்தைத் தாங்கி உட்கார ஒரு நடிகை வேண்டும்.

அந்த நடிகை மேரி ட்வாலா. தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் பல பத்தாண்டுகள் நடித்தவர். அம்மா, பாட்டி, பக்கத்துவீட்டுக்காரி என்று எத்தனையோ துணை வேடங்கள். எண்பதை நெருங்கும் வயதில் ஒரு படம் முழுவதும் அவர் தோளில் ஏறியது. 'பெரிய நடிகர் இல்லாமல்' என்று கேள்வியில் சொல்லியிருந்தீர்கள். சந்தை மதிப்புள்ள நட்சத்திரம் இல்லை, சரி. ஆனால் ஆயுசு முழுக்க நடித்துப் பழுத்த ஒருவர் இருந்தார். புதுமுகத்தை வைத்து எடுப்பதுதான் சுயாதீன சினிமா என்று இங்கே ஒரு எண்ணம் இருக்கிறது, அது தேவையில்லாத கட்டுப்பாடு.

கதையைச் சொல்பவர் ஜெர்ரி மொஃபோகெங். இருட்டான ஒரு மதுக்கடைக்குள் கேமரா மெல்ல நகர்ந்து போய் அவரிடம் நிற்கிறது. கையில் லெசிபா என்ற இசைக்கருவி. நீண்ட குச்சியில் ஒரு நரம்பைக் கட்டி, நுனியில் பறவை இறகின் தண்டைத் தட்டையாக்கிப் பொருத்தியிருப்பார்கள். அந்த இறகை வாயருகே வைத்து மூச்சை உள்ளே இழுத்தும் வெளியே விட்டும் வாசிப்பார்கள். நரம்புக் கருவியும் காற்றுக் கருவியும் ஒன்றாகக் கலந்தது. மலையில் மாடு மேய்க்கும் பையன்கள் வாசிப்பது. வாசிப்பவரின் தொண்டை உறுமலும் அதோடு சேர்ந்துவரும். அதை முதன்முதலில் கேட்டபோது மிருகமா மனிதனா என்று புரியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் கதைகளில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து கட்டியங்காரன் சொல்லத் தொடங்குவதுபோல, இந்தக் கிழவர் நடந்து முடிந்த ஒரு ஊரின் கதையைச் சொல்கிறார். இதோடு யூ மியாஷிட்டா என்ற ஜப்பானிய இசையமைப்பாளரின் இசை சேர்கிறது. லெசிபாவைப் பின்னணியில் மெல்லத் தூவி 'ஆப்பிரிக்க வாசனை' காட்டும் வேலையை அவர்கள் செய்யவில்லை.

இனி மொழி. ஆங்கிலத்தில் எடுத்தால் சுலபமா என்று கேட்டீர்கள். படம் முழுக்கச் செசோத்தோ. ஆஸ்கர் விருதின் சர்வதேசப் பிரிவுக்கு லெசோத்தோ வரலாற்றில் முதன்முதலாக அனுப்பிய படம் இதுதான். அந்தப் பிரிவில் வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலமல்லாத மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. 2019-இல் நைஜீரியா முதன்முதலாக அனுப்பிய 'லயன்ஹார்ட்' படத்தைப் பெரும்பகுதி ஆங்கிலம் என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். நைஜீரியாவின் ஆட்சிமொழியே ஆங்கிலம், அங்கே மக்கள் அப்படித்தான் பேசுகிறார்கள், அதனால் அந்த நீக்கம் நியாயமா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. எனக்கும் அதில் வருத்தம் உண்டு. ஆனால் உங்கள் கேள்விக்கான விடை தெளிவு: விழாக்களைப் பொறுத்தவரை ஆங்கிலம் ஒரு சலுகையும் தராது. கதை மாந்தர்கள் வீட்டில் என்ன மொழியில் அழுவார்களோ அந்த மொழியில் எடுங்கள். காசு செலவழிக்க வேண்டியது சப்டைட்டிலுக்கு. வசனத்தை அப்படியே பெயர்க்காமல், படிக்கும் நேரத்துக்குள் அடங்குமாறு எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். நம் படங்கள் நிறைய அங்கேதான் சறுக்குகின்றன.

வெனிஸில் 2019-இல் முதல் காட்சி, 2020 ஜனவரியில் சண்டான்ஸ். இடையில் நடப்பது என்ன? விழா நிரலாளர்கள் ஒருவர் படத்தை ஒருவர் பார்க்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். சர்வதேச விற்பனை முகவர் ஒருவர் படத்தை எடுத்துக்கொள்கிறார். அதன்பின் விழாக்கள் படத்தைக் கேட்டு வரும். சில விழாக்கள் திரையிடலுக்குக் கட்டணமும் கொடுக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. பெரிய விழாக்களின் போட்டிப் பிரிவுகள் பல 'எங்களிடம்தான் முதல் காட்சி' என்று கேட்கும். அவசரப்பட்டுப் பெயர் தெரியாத இணைய விழா ஒன்றில் போட்டுவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு தம்பி, சுவரொட்டியில் போடுவதற்காகப் விழாவில் தேர்வானதைக் காட்டும் இலைச்சின்னங்கள் பத்துப் பதினைந்தைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார். பிறகுதான் நல்ல விழா ஒன்று அவர் படத்தை விரும்பியது, முதல் காட்சி முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் விலகிக்கொண்டது. அந்தத் தம்பியின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு படத்துக்கு உலக முதல் காட்சி ஒரே ஒரு முறைதான் உண்டு.

சண்டான்ஸ் விருது வாங்கிய சில வாரங்களில் கொரோனா உலகை மூடியது. அரங்கில் இருட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் மடிக்கணினிகளுக்குப் போனது. 2020 ஜூலை 4 அன்று மேரி ட்வாலா இறந்தார். தன் சாவுக்கு ஏற்பாடு செய்யும் கிழவியாக அவர் நடித்த படம் அப்போதுதான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. பல நாட்டு ரசிகர்கள் அவரை முதன்முதலில் பார்த்தது அவர் போனபிறகு.

நம் பக்கத்துக்கும் அந்தப் படம் வந்தது. கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் 25-ஆம் ஆண்டு, 2020 டிசம்பரில் நடக்க வேண்டியது தள்ளிப்போய் 2021 பிப்ரவரி, மார்ச்சில் திருவனந்தபுரம், கொச்சி, தலச்சேரி, பாலக்காடு என நான்கு ஊர்களில் பிரித்து நடந்தது. கோவையிலிருந்து பாலக்காடு ஒரு மணி நேரம் என்பதால் நாங்கள் சிலர் கிளம்பிப் போனோம். பரிசோதனைச் சான்று, முகக்கவசம், ஒரு இருக்கை விட்டு ஒரு இருக்கை. எனக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒரு மலையாள அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார், அறுபதைத் தாண்டிய வயது. ஆடுகள் வரும் காட்சியில் அவர் முகக்கவசத்தைக் கீழே இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் முடிந்து வெளியே வரும்போது, யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்காமலே, "எங்க அம்மையைக் கண்ட மாதிரி இருக்கு" என்றார். அவருக்கு லெசோத்தோ எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை, எனக்கும் போகும்வரை சரியாகத் தெரியாது. அந்த ஆண்டின் உயர்ந்த விருதான சுவர்ண சகோரம் இந்தப் படத்துக்குத்தான். விருதுச் சிலையில் இருப்பது நம் தோட்டங்களில் 'உப் உப்' என்று கூப்பிடும் அதே செம்போத்து. லெசோத்தோ மலையிலிருந்து கிளம்பிய மந்தோவாவுக்கு ஒரு செம்போத்து பரிசாகக் கிடைத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

எல்லாமே நல்ல செய்தியாகச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. இந்தப் பாதையில் வலிக்கிற இடங்கள் இரண்டு இருக்கின்றன.

முதலாவது பணம் எங்கிருந்து வருகிறது என்பது. செனகலின் ஒஸ்மான் செம்பேன் 1966-இல் 'லா நுவார் த...' எடுத்த காலத்திலிருந்து, சகாராவுக்குத் தெற்கே எடுத்த கலைப்படங்களில் பெரும்பகுதி ஐரோப்பியப் பணத்தைத் தொட்டே வந்திருக்கின்றன. பிரான்ஸ் 1984 முதல் இதற்கென்றே நிதி ஒதுக்கியது. ரோட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி, பெர்லினின் உலக சினிமா நிதி என்று பிறகு பல வந்தன. இவை இல்லாவிட்டால் பல படங்கள் இல்லை. ஆனால் நிதியைத் தேர்வு செய்பவர்கள் ஐரோப்பாவில் உட்கார்ந்திருக்கும்போது, அவர்களுக்குப் பிடித்த ஆப்பிரிக்கா எது என்ற கேள்வி எழுதுபவரின் மேசையில் எப்போதும் உட்கார்ந்திருக்கும். வறுமை, போர், மந்திரம், அழகான துயரம். மொசேசேயின் படத்தைப் பற்றியும் 'விழாக்காரர்களுக்காக எடுத்த அழகு' என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். நான் அதை ஏற்கவில்லை. அவர் அழகாகக் காட்டுவது வறுமையை அல்ல. புதைத்தவர்களோடு ஒரு ஊர் வைத்திருக்கும் உறவை. படத்தில் அந்த ஊருக்கு இரண்டு பெயர்கள். மதபோதகர்கள் வைத்த பெயர் நசரேத்தா. அதற்கு முன்பு மக்கள் அழைத்த பெயர் கண்ணீர்ச் சமவெளி. செத்தவர்களை வழியெல்லாம் புதைத்த மண் என்பதால். இந்த இரண்டு பெயருக்கும் நடுவில் உள்ள தூரம் வெனிஸ் நடுவர்களுக்காக எழுதியது என்று எனக்குத் தோன்றவில்லை. பசோத்தோ ஒருவருக்கு அது உடனே உறைக்கும், மற்றவர்களுக்கு மெல்லத்தான் உறைக்கும்.

இரண்டாவது, சொந்த ஊரில் பார்க்க வழியில்லாதது. லெசோத்தோவில் திரையரங்குகளை விரல்விட்டு எண்ணலாம். வெனிஸில், யூட்டாவில், பாலக்காட்டில் பெரிய திரையில் ஓடிய படத்தை மலையில் ஆடு மேய்ப்பவர் எங்கே பார்ப்பது? சில நாடுகளில் அரங்கு இருந்தும் அரசு விடாது. வனூரி கஹியுவின் 'ரஃபீக்கி' 2018-இல் கான் விழாவின் அதிகாரபூர்வத் தேர்வுக்குப் போன முதல் கென்யப் படம். இரு பெண்களின் காதல் என்பதால் கென்யாவில் தடை. ஆஸ்கருக்குத் தகுதி பெற உள்நாட்டில் ஓடியிருக்க வேண்டும் என்று இயக்குநர் நீதிமன்றம் போக, தடையை ஏழு நாள் மட்டும் தளர்த்தினார்கள். அந்த ஏழு நாளும் நைரோபியில் அரங்குகள் நிரம்பின. பார்க்க ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அதனால்தான் புர்கினா ஃபாசோவின் வாகடூகுவில் 1969 முதல் நடக்கும் ஃபெஸ்பாகோ விழாவை நான் கானுக்குக் குறைவாக மதிப்பதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆப்பிரிக்கப் படங்களை ஆப்பிரிக்கர்கள் கூட்டம் கூட்டமாகப் பார்க்கும் இடம். உயர்ந்த விருது குதிரையேறிய ஒரு பெண்ணின் சிலை, யென்னெங்கா என்ற இளவரசியின் பெயரில். 2021-இல் அதை வாங்கியது 'தி கிரேவ்டிகர்ஸ் வைஃப்'. ஃபின்லாந்துக்குக் குடிபெயர்ந்த சோமாலியரான காதர் ஐதருஸ் அகமது ஜிபூட்டியில் சோமாலி மொழியில் எடுத்தது. குழி வெட்டிப் பிழைக்கும் ஒருவன் தன் மனைவியைக் காப்பாற்ற ஓடும் கதை. அதே ஆண்டு கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் ஓடிவிட்டுத்தான் வாகடூகு வந்தது. இரண்டு இடத்திலும் நிற்க முடிந்த படம்.

உங்கள் கேள்விக்குப் பின்னால் நீங்களும் ஒரு கதை வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இருந்தால், படம் முடியும்வரை காத்திருக்காதீர்கள். இருபது பக்கத்தில் கதையையும், ஏன் நீங்கள்தான் இதை எடுக்க வேண்டும் என்பதை இரண்டு பக்கத்திலும் எழுதுங்கள். காகிதங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரைத் தயாரிப்பாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கதைப்பட்டறைகளுக்கும் நிதிகளுக்கும் இப்போதே அனுப்புங்கள். நிராகரித்து வரும் கடிதங்களிலும் சில நேரம் நல்ல குறிப்பு இருக்கும்.

அதற்குமுன் இந்தப் படத்தைப் பாருங்கள். பகலில் வேண்டாம், கைபேசியில் வேண்டாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். முதல் சில நிமிடங்கள் எதுவும் புரியாதது போல இருக்கும். மதுக்கடைக்குள் கேமரா நகர்ந்து போகும். அந்தக் கிழவர் இறகை வாயருகே கொண்டுபோய் மூச்சை உள்ளே இழுப்பார். அந்த ஒலி வரும்வரை பொறுத்திருங்கள்.